புலிக் கணக்கும் கம்பிக் கண்ணியும்: சில நாட்குறிப்புகள்

2023 ஜூலை 29, சனி

உலகப் புலிகள் நாளான இன்று, இந்தியாவின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு விவரங்கள் வெளியாகியிருக்கின்றன. சராசரி மதிப்பீடு 3,682. 2006இல் இது 1,411ஆக இருந்தது. ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், தடத்தின் இருபுறமும் எதிரெதிராகத் தானியங்கி கேமராக்களைப் பொருத்தி, பதிவாகும் வரிகளை ஒப்பிட்டே இந்தக் கணக்கை எடுக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனாலும் நாட்டின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய எனக்கு மனம் வரவில்லை. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகள் அடியோடு அழிந்த செய்தி 2005இல் வெளிவரும்வரை, பதிவேட்டில் அவை உயிரோடுதான் இருந்தன. அவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்கள்! அடுத்த சில ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்துக்கும் அதே கதி நேர்ந்தது. இரண்டு காடுகளுக்கும் வேறு இடங்களிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

ஜூலை 31, திங்கள்

துப்பாக்கியைவிடக் கம்பிக் கண்ணிதான் எனக்கு அச்சமூட்டுகிறது. துப்பாக்கி வெடித்தால் காவலருக்குக் கேட்கும். சுருக்குப் போட்டு மரத்தடியில் கட்டிய பிரேக் கம்பி சத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். மானுக்கு வைத்த கண்ணியில் புலியின் கால் சிக்கினால், அது இழுக்க இழுக்கக் கம்பி எலும்புவரை இறங்கிவிடுகிறது. புலி தப்பினாலும், மான்களும் காட்டுப்பன்றிகளும் தீர்ந்துபோன காட்டில் அது வாழ முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது பெரிய இரைவிலங்குகள் ஒரு புலிக்குத் தேவை. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய நாடுகளின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1.2 கோடிக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கலாம் என்பது உலக இயற்கை நிதியம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு. கம்போடியாவில் கடைசியாக ஒரு புலி கேமராவில் பதிவானது 2007இல். இதற்கு மாற்று, தினமும் கால்நடையாகக் காட்டைச் சுற்றிக் கம்பிகளைப் பிடுங்கி எறியும் காவலர்கள்தான். பெரும்பாலும் அவர்கள் குறைந்த ஊதியத்துக்கு வேலை பார்ப்பவர்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

புலி எலும்பு வணிகத்தைச் சீனா 1993இல் தடைசெய்தது. 2018 அக்டோபரில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அந்தத் தடையைத் தளர்த்த முயன்று, எதிர்ப்பு எழவே அடுத்த மாதமே ஒத்திவைத்தது. பண்ணையில் வளர்த்த புலியின் எலும்பை விற்க அனுமதித்தால், காட்டுப் புலியின் எலும்பும் அதே பெயரில் விலைபோகும்.

ஆகஸ்ட் 5, சனி

நேபாளத்தில் 2009இல் 121ஆக இருந்த புலிகள் 2022இல் 355ஆகிவிட்டன. புலிகள் பெருகும் இடத்தில் காட்டோரத்து மக்கள்தான் அதன் விலையைத் தருகிறார்கள். மாட்டைப் புலி அடித்த வீட்டுக்கு இழப்பீடு மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டால், அடுத்த முறை செத்த மாட்டின் உடலில் யாரேனும் நஞ்சு வைத்துவிடுகிறார்கள். அந்த இறைச்சிக்குத் திரும்பி வரும் தாய்ப்புலியோடு குட்டிகளும் மடிகின்றன. கூடுதல் கேமராக்கள் வாங்குவதற்கு முன்பாக, இழப்பீட்டை ஒரு வாரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்பேன்.