வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கினேன்: நிலுவைக் கடிதம் படுத்திய பாடு

வாடகைக்கு விடுவதற்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியில் இரண்டு வீடுகளை ஒருவழியாக வாங்கிவிட்டேன். விலை பேசியதும் வங்கிக் கடனும் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை எடுத்தது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், அதாவது தொடர்மாடியை நிர்வகிக்கும் வீட்டு உரிமையாளர் அமைப்பு, தரவேண்டிய ஒரு பக்கக் கடிதம்.

பராமரிப்புக் கட்டணத்தில் நிலுவை இல்லை என்ற கடிதம் கைக்கு வராமல் உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுத மாட்டேன் என்று என் சட்டத்தரணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விற்பவர் கனடாவில் இருக்கிறார். அவர் சார்பில் விற்பதற்கான அற்றோணித் தத்துவப் பத்திரம் வைத்திருந்த அவருடைய மைத்துனர், "எல்லாம் கட்டியாயிற்று தம்பி" என்றார். கூட்டுத்தாபனத்தின் செயலாளர் பேரேட்டைப் புரட்டினார். ஒரு வீட்டுக்கு நெடுநாளாகக் கட்டணம் வரவில்லை. லிஃப்ட் திருத்தத்துக்குப் பிரித்த பணமும் வரவில்லை. எவ்வளவு என்று எழுதித் தாருங்கள் என்றேன். "உரிமையாளர் கேட்டால்தான் தருவோம்." மைத்துனரை அழைத்துச் சென்றால், அவருடைய பத்திரத்தில் விற்கும் அதிகாரம் மட்டும்தான் இருக்கிறதாம், கணக்குக் கேட்கும் அதிகாரம் இல்லையாம்! கனடாவிலிருந்து கையொப்பத்துடன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு, அடுத்த குழுக் கூட்டம் வரை பொறுங்கள் என்றார்கள். தொடர்மாடிகளை மேற்பார்வை செய்யும் அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையில் எழுத்தில் முறையிடப் போகிறேன் என்றேன். மறுநாளே கணக்கு வந்தது. நிலுவையை விலையில் கழித்து, விற்பவர் கையில் கொடுக்காமல் நேரே கூட்டுத்தாபனத்துக்குக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினேன். அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாகனத் தரிப்பிடத்திலும் கவனம் வேண்டும். இரண்டு வீட்டுக்கும் உண்டு என்றுதான் சொன்னார்கள். காணிப் பதிவகத்தில் பதிவான கூட்டாதன (தொடர்மாடி) வரைபடத்தைப் பார்த்தால், ஒன்று மட்டுமே வீட்டோடு சேர்ந்தது. மற்றது எல்லோருக்கும் பொதுவான இடம். சுவரில் வீட்டு இலக்கம் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், வரைபடத்தை நம்புங்கள். அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

முற்பணம் கொடுக்குமுன் கூட்டுத்தாபனத்தின் கடைசி ஆண்டுக் கணக்கையும் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். கடற்கரையோரக் கட்டடங்களில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும். சேமிப்பு நிதி இல்லாத இடத்தில் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். குறுகியகால வாடகைக்குத் தடை உண்டா என்பதையும் விதிகளில் பாருங்கள்.

முத்திரை வரியை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்: முதல் 100,000 ரூபாய்க்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். உறுதி பதிவானதும் மாநகர சபையின் ஆதனவரிப் பதிவில் பெயரை மாற்றி, ஒரு பிரதியைச் செயலாளரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.