பணம் கட்டாமல் ரேஸ் பார்த்த மார்கழி

புதுச்சேரியில் ரேஸ் கோர்ஸ் கிடையாது. குதிரைப் பந்தயம் என்றால் நமக்குக் கிண்டி, அதை விட்டால் பெங்களூர். கார்த்திகை மழை விட்டதும் பெங்களூர் குளிர்கால சீசனையும், மும்பை மகாலட்சுமியில் நடக்கும் பெரிய பந்தயங்களையும் விடாமல் பார்ப்பது என்று இந்த முறை உட்கார்ந்துவிட்டேன். ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை என்பதையும் அப்போதே முடிவு செய்தேன். ரேஸில் வீட்டை விட்ட குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. "பாக்கறதுன்னா பாரு, கையில காசு எடுத்துட்டுப் போவாத" என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

1974-ல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் திறமை எங்கே இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க ஆசை.

செய்தது இவ்வளவுதான். முதல் நாள் இரவே ரேஸ் கார்டை, அதாவது மறுநாள் ஓடும் குதிரைகளின் பட்டியலை எடுத்துவைத்து, ஒவ்வொரு ரேஸுக்கும் ஒரு குதிரை, அதற்கு ஒரே ஒரு வரியில் காரணம் என்று நோட்டில் எழுதுவேன். பெயர் நன்றாக இருக்கிறது, ஜாக்கி பெரிய ஆள் என்பதெல்லாம் காரணத்தில் சேராது. ரேஸ் முடிந்ததும் வீடியோவை மறுபடி போட்டு, அந்தக் குதிரையை மட்டும் பார்ப்பேன். ஜெயித்த குதிரையை எல்லோரும் பார்க்கிறார்கள். நாலாவதாக வந்தது எங்கே மாட்டிக்கொண்டது, கடைசி 200 மீட்டரில் வேகம் கூடியதா குறைந்ததா என்று பார்க்கப் பார்க்கத்தான் ரேஸ் புரிகிறது.

அதிகம் கற்றுக்கொடுத்தது எடை. குதிரைகளின் வாய்ப்பை எடை வைத்துச் சமன் செய்யும் ஹேண்டிகேப் ரேஸில் நல்ல குதிரைக்கு அதிகச் சுமை. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமையைக் காட்டும் ஒரு ரேட்டிங் உண்டு. ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ கணக்கு. ஜாக்கி எடை போதவில்லை என்றால் சேணத்தோடு ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். ரேஸ் முடிந்ததும் ஜாக்கியைச் சேணத்தோடு திரும்ப நிறுத்துப் பார்ப்பார்கள். நான் தொடர்ந்து பார்த்துவந்த ஒரு செவலைப் பெட்டை 1200 மீட்டரில் சுலபமாக ஜெயித்தது. ரேட்டிங் ஆறு புள்ளி ஏறியது. அடுத்த ரேஸில் மூன்று கிலோ கூடுதல் சுமையுடன் அதே தூரம், அதே ஜாக்கி. கடைசித் திருப்பம் வரை முன்னால்தான் இருந்தது. அப்புறம் இரண்டு குதிரைகள் தாண்டிப் போயின. கிட்டத்தட்ட 450 கிலோ எடையுள்ள பிராணிக்கு மூன்று கிலோ ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். ஒரு தலை வித்தியாசத்திலும் மூக்கு வித்தியாசத்திலும் முடிவாகிற விளையாட்டில் அது பெரிய பொருட்டு. அன்றிலிருந்து ரேஸ் கார்டில் என் கண் முதலில் போவது எடைக்குத்தான். எந்தக் கதவிலிருந்து கிளம்புகிறது என்ற கேட் நம்பரெல்லாம் அப்புறம்.

இந்த 1200 மீட்டர் எவ்வளவு தூரம் என்று டிவியில் பார்த்தால் பிடிபடாது. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் போனில் அளந்துகொண்டே நடந்தேன். சாலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கால் மணி நேரம் ஆனது. நல்ல குதிரை அதை ஒரு நிமிடம் பத்துப் பன்னிரண்டு நொடியில் முடித்துவிடுகிறது.

கிறிஸ்துமஸ் லீவில் பெங்களூர் போய் நேரில் பார்த்தேன். ஸ்டாண்டில் இருந்ததைவிட பேடாக் வேலியோரம் நின்ற நேரம்தான் அதிகம். ரேஸுக்கு முன் குதிரைகளை அங்கே சுற்றி நடத்துவார்கள். ஒன்றின் கழுத்தில் கடிவாள வார் உரசும் இடத்தில் வியர்வை சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகத் திரண்டிருந்தது. ஓடும் முன்பே சக்தியைச் செலவழித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று காதை முன்னால் நிமிர்த்தி, நீளமாக அடி வைத்து, பின்னங்கால் குளம்பு முன்னங்கால் தடத்தையும் தாண்டி விழும்படி நடந்தது. நோட்டில் அதன் பெயரைத்தான் எழுதினேன். இரண்டாவதாக வந்தது. திரும்பி வரும்போது அதன் நாசித் துவாரம் விரிந்து உள்ளே ரத்தச் சிவப்பு தெரிந்தது. குதிரையால் மூக்கால் மட்டுமே மூச்சு விட முடியும்; பாய்ந்து ஓடும்போது ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. இதைப் படித்துத் தெரிந்துகொண்டதற்கும் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்ததற்கும் நிறைய வித்தியாசம்.

பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்தனுப்பி, கடைசியில் நரிகள் பரியாக வந்த கதை நமக்குத் தெரியும். அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக நம் கரையில் இறங்கிய காலம் ஒன்று உண்டு. இன்று ஓடுகிற தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகளும் ஆண் வழியில் போனால், கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்து போன மூன்று ஆண் குதிரைகளில்தான் முடிகின்றன. எனக்கு இது பெருமையாகவே இருக்கிறது.

ஜனவரி 1 இவற்றுக்கெல்லாம் பொதுப் பிறந்தநாள். எந்த மாதம் பிறந்தாலும் கணக்குக்கு அன்றுதான் ஒரு வயது கூடும். அதனால் டிசம்பரில் மும்பையில் இந்தியன் 2000 கினீஸ் என்ற பெரிய பந்தயம் ஓடும்போது மூன்று வயதாக இருப்பவை, பிப்ரவரி முதல் ஞாயிறு இந்தியன் டெர்பி என்ற இன்னொரு பெரிய பந்தயத்துக்கு வரும்போது நான்கு வயதாகிவிடுகின்றன. கினீஸ் 1600 மீட்டர், டெர்பி 2400. இடையில் இருக்கும் சில வாரங்களில்தான், மைல் தூரத்துக் குதிரை ஒன்றரை மைல் தாங்குமா என்ற கேள்வி. டெர்பியில் பெட்டைகளுக்கு 1.5 கிலோ சலுகை உண்டு. 1943-ல் முதல் டெர்பியை ஜெயித்ததே பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெட்டைதான்.

பொங்கல் லீவில் கினீஸ் ஓடிய குதிரைகளின் வீடியோக்களை மறுபடி பார்த்து, கடைசி 200 மீட்டரில் யார் களைத்தார், யார் இன்னும் ஓடத் தயாராக இருந்தார் என்று தனிப் பக்கம் போட்டு எழுதியிருக்கிறேன். டெர்பிக்கு என் குதிரையை அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுக்கப் போகிறேன்.