வேலை தேடுகிறீர்களா, முதலில் ரெஸ்யூமை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்

சித்தி மகள் ஐந்து மாதமாக வேலை தேடுகிறாள். சென்னையில் ஆறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவள், ஒருநாள் காலையில் கூப்பிட்டு ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ரெஸ்யூமைத் திறந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அப்பா பெயர், திருமணம் ஆனதா இல்லையா, பக்கத்தை இரண்டாகப் பிரித்து கலர் கலராக இரண்டு பத்தி, நடுவில் கட்டங்கள். அதை அப்படியே காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டச் சொன்னேன். கம்பெனி பெயர் ஒரு மூலையில், வருடம் இன்னொரு மூலையில், எல்லாம் சிதறிப்போய் வந்தது. பெரிய கம்பெனிகள் பலவற்றில் ரெஸ்யூமை முதலில் படிப்பது மென்பொருள்தான், அதற்கும் இப்படித்தான் தெரியக்கூடும். அதனால் பக்கத்தைப் பிரிக்காமல் மேலிருந்து கீழாக, படம் கட்டம் இல்லாமல் எழுதுங்கள். அப்புறம், இரண்டு நாள் பிடித்த ரிக்ரஷன் டெஸ்டிங்கை (மென்பொருளை மாற்றியபின் பழையதெல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது), இணையதளங்களைத் தானாகச் சோதிக்கும் செலினியம் என்ற கருவியில் ஸ்கிரிப்ட் எழுதி நாலு மணி நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள், அதை எங்குமே சொல்லவில்லை! அதுதான் முதல் வரியில் வரவேண்டும்.

நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் நோட்டீஸ் காலத்தை, அதாவது எத்தனை நாளில் வேலைக்குச் சேர முடியும் என்பதைச் சரியாகப் போடுங்கள், ஆள் எடுப்பவர்களில் பலர் அதை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். வேலைக்கு முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கவைத்ததைப் பற்றி 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டு பாஸ்போர்ட்டைக் கையில் எடுங்கள்.