எல் இல்லாத செய்தி

இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் ரகசியச் செய்திகளை உடைத்த ஆங்கிலேயப் பெண் மேவிஸ் பேட்டி (Mavis Batey) என்றாலே எனக்கு ஆங்கில ‘எல்’ (L) எழுத்துதான் நினைவுக்கு வரும். 19 வயதில் பிரிட்டனின் ரகசியக் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்தவர். எதிரிகள் செய்திகளை ரகசியக் குறியீடாக்கப் பயன்படுத்திய எனிக்மா இயந்திரம் எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றாது. ஒரு நீண்ட இத்தாலியச் செய்தியில் எங்குமே எல் இல்லை. அப்படியென்றால் அனுப்பியவன் எல் விசையையே விடாமல் தட்டியிருக்கிறான்! அதைப் பிடித்துக்கொண்டே குறியீட்டுக்குள்ளே போனார், என்ன மூளை! 1941 மார்ச்சில் மாட்டபான் கடற்போரில் இத்தாலியர்கள் தோற்றதில் இவர் உடைத்த செய்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம்? 1970கள் வரை அந்த ரகசியப் பணி பற்றி வாயே திறக்கக் கூடாது. பழைய தோட்டங்களின் வரலாற்றில் இறங்கி, அவற்றைக் காக்கப் போராடினார். 1987இல் எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்ததும் தோட்டப் பணிக்குத்தான். போர்க்காலப் பணிக்கும் ஒன்று தந்திருக்க வேண்டும். எனக்கு மனசு ஆறவே இல்லை.