கொடியை விடாத குட்டிக் குமரன்

சுதந்திர தினம் வந்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாரதியார் மீசை, இல்லாவிட்டால் காந்தித் தாத்தா கண்ணாடி. இந்த வருடம் அக்கா மகனுக்குக் கொடிகாத்த குமரன் வேடம் போட்டுப் படம் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எங்களுக்குச் சென்னிமலை. 1904-இல் குமரன் பிறந்த ஊர். அவரும் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, நாங்களும் தறிக்காரர்கள். அவரை விட்டுவிட்டு வேறு யாரைப் போடுவது?

உடைக்குப் பெரிய மெனக்கெடல் இல்லை. வெள்ளை ஜிப்பா, இடுப்பில் நழுவாதபடி தைத்த குட்டி வேட்டி, கதர்க் குல்லாய். யோசிக்க வைத்தது கொடிதான். கடையில் விற்பதில் அசோகச் சக்கரம் இருக்கும். அந்தக் கொடி 1947 ஜூலை 22 அன்றுதான் ஏற்கப்பட்டது. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் குமரன் ஏந்திப் போன காலத்தில் நடுவில் இருந்தது இராட்டை. அம்மாவிடம் சொன்னேன். கதர்த் துணியில் மேலே காவி, கீழே பச்சை வைத்துத் தைத்து, வெள்ளையில் நீல நூலால் இராட்டையைப் போட்டே கொடுத்துவிட்டார். பின்பக்கம் ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை.

மூன்று வயதுப் பிள்ளைக்குத் தடியடியைச் சொல்ல மனம் வரவில்லை. "கொடியைக் கீழ போடுன்னு மிரட்டுனாங்க சாமி, குமரன் போடவே இல்லை" என்றேன்.

"அப்புறம் மாமா?"

"கடைசி வரைக்கும் கீழ விடவே இல்லை கண்ணு."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மறுநாளே உயிர் போனதையும், அப்போது அவருக்கு 27 வயதுதான் என்பதையும் வளர்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும். சிலர் குமரன் வேடம் என்றாலே தலையில் கட்டுப் போட்டுச் சிவப்புச் சாயம் தடவிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த வயதுப் பிள்ளைக்கு உறுதியைக் காட்டினால் போதும், இரத்தம் வேண்டாம்.

வெயில் ஏறுவதற்குள் திண்ணையிலேயே எடுத்தோம். வெள்ளை உடைக்கு நேர்வெயில் ஆகாது, துணியின் மடிப்பெல்லாம் வெளுத்துப் போய்விடும். திண்ணை நிழலில், பக்கவாட்டில் வருகிற வெளிச்சமே போதும். போனில் எடுப்பவர்கள் திரையில் தெரியும் ஜிப்பாவின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் தரையில் உட்கார்ந்து அவன் கண் உயரத்துக்குக் கேமராவை வைத்தேன். கதர் கனம், லேசான காற்றுக்கு அசையாது. அக்கா ஓரமாக டேபிள் ஃபேனைப் பிடித்துக்கொண்டார்.

சல்யூட் அடி, சிரி என்று எதுவும் சொல்லவில்லை. "கொடியை மாமாகிட்டக் குடுத்துட்டு வந்து இட்லி சாப்பிடு" என்று அக்கா கூப்பிட்டதும் இரண்டு கையாலும் கம்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். குல்லாய் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, உதடு அழுந்தியிருக்கிறது, விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கிறது. அந்தப் படம்தான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இட்லியையும் கொடியோடுதான் சாப்பிட்டான், அவனுடைய அமுச்சி, அதாவது என் அம்மா, ஊட்டிவிட்டார்.

செங்கோட்டையைப் பின்னால் ஒட்டித் தரவா என்று ஸ்டுடியோவில் கேட்டார்கள். வேண்டாம், திண்ணைத் தூணே இருக்கட்டும் என்றேன். அக்டோபர் 4 குமரன் பிறந்த நாள். அதற்குள் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டமடித்து அம்மாவிடம் கொடுக்க வேண்டும். இராட்டையின் தையல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.