லிப்ட் தூக்கவில்லை என்றால் முதலில் ஆயிலைப் பாருங்கள்

மாதவரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருகிற சிறிய டிராக்டர்களில் பெரும்பாலானவை மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்து நிலங்களில் உழைப்பவை. மற்றவை மணலி ஆலை வளாகங்களுக்குள் டிரெய்லர் இழுப்பவை. எங்கிருந்து வந்தாலும், கலப்பை போன்ற கருவிகளைத் தூக்கும் பின்பக்க லிப்ட் சரியாகத் தூக்கவில்லை என்றால் ஓட்டுநர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றேதான்: "பம்பு போயிடுச்சுண்ணே, மாத்திடுங்க." என் அனுபவத்தில், பம்பு கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பாகம். கோளாறு பெரும்பாலும் ஆயிலில் இருக்கிறது. அதன் அளவிலோ, தூய்மையிலோ, வகையிலோ.

பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆயிலில் மூழ்கிய பிரேக் தட்டுகள், ஹைட்ராலிக் லிப்ட் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியின் ஆயில்தான். கியரிலிருந்து உதிரும் இரும்புத் தூளும், பிரேக் தட்டிலிருந்து தேயும் பொடியும் அதே ஆயிலில் மிதந்து, ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வழியாகப் பம்புக்குப் போகின்றன. கலப்பையின் இழுவிசையை உணர்ந்து ஆழத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாட்டுக்கு ஹாரி பெர்கூசன் 1926-இல் காப்புரிமை பெற்றார். செம்பியத்தில் டிராக்டர் நிறுவனமான டாஃபே இருப்பதால், அவர் பெயரைத் தாங்கிய மாசி பெர்கூசன் என்ற டிராக்டர் பெயர் வடசென்னைக்காரர்களுக்குப் பழக்கமானது. ஆனால் அந்த ஏற்பாடு எவ்வளவு சுத்தமான ஆயிலை நம்பி நிற்கிறது என்பதுதான் பலருக்குப் பழக்கமில்லை.

அளவு பார்ப்பது எளிய வேலை. ஆனால் தவறாகவே அதிகம் பார்க்கப்படுகிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, லிப்டை முழுவதும் இறக்கி, எஞ்சினை அணைத்து, ஆயில் அடங்கும்வரை பொறுத்த பிறகே டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். லிப்ட் மேலே இருக்கும்போது பார்த்தால், சிலிண்டருக்குள் போயிருக்கும் ஆயில் கணக்கில் வராது. குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றி நிரப்பினால், பிறகு அளவு மீறி நுரை கட்டும். டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டிரெய்லரின் சிலிண்டர் முழுதாக நீளும்போது டிராக்டரின் தொட்டியிலிருந்துதான் ஆயில் போகிறது. பெரிய சிலிண்டராக இருந்தால் தொட்டியின் மட்டம் உறிஞ்சும் குழாய்க்குக் கீழே இறங்கிவிடும். சமதளத்தில் தூக்கிய டிரெய்லர், சரிவில் பாதியிலேயே நின்றுபோவதற்கு இது ஒரு காரணம். பக்கத்து வண்டியின் டிரெய்லரை இரவல் வாங்கி மாட்டும்போது, அந்தச் சிலிண்டருக்குள் கிடக்கும் பழைய ஆயிலும், குழாயை இணைக்கும் கப்ளரில் ஒட்டிய மண்ணும் உங்கள் கியர் பாக்ஸுக்குள் வந்து சேர்கின்றன. கப்ளரைத் துடைக்காமல் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆயில் வெளுத்திருந்தால் அது காற்றா, தண்ணீரா என்று பிரித்தறிய வேண்டும். வண்டி ஓடி நின்ற உடனே கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். சிறிது நேரத்தில் அடியிலிருந்து தெளிந்து வந்தால் காற்று. நெடுநேரமாகியும் பால் கலந்த தேநீர்போலக் கலங்கியே நின்றால் தண்ணீர். இன்னும் உறுதி வேண்டுமென்றால், சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். இதைச் செய்யும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று புகுந்திருந்தால் லிப்ட் உதறி உதறித் தூக்கும், பம்பு கீச்சென்று முனகும். அளவு சரியாக இருந்தும் இப்படி என்றால், ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம். அதுவும் சுத்தமாக இருந்தால், உறிஞ்சும் குழாயின் இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கலாம். இந்தக் கசிவைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் வண்டி ஓடும்போது அங்கே ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டியாக கிரீஸ் பூசிப் பார்ப்பது பட்டறைகளின் பழைய வழி. முனகல் குறைந்தால் இடம் தெரிந்துவிட்டது.

தண்ணீர் வரும் வழிகள் வேறு. பொன்னேரிப் பக்கம் சேற்றுழவின்போது வண்டி நெடுநேரம் நீரில் நிற்கிறது, தேய்ந்த பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) சீல், அச்சு சீல் வழியாகச் சேற்றுநீர் உள்ளே போகும். வாட்டர் சர்வீஸில் பிரீதர் என்ற காற்றுத் துளையின் மேல் நேராக அழுத்த நீரைப் பீய்ச்சுவதும் அதே வேலையைச் செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி புதுநகர் வரை கொசஸ்தலையாற்று வெள்ளம் புகுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மூழ்கிய டிராக்டரை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். அசையாமல் நின்ற வண்டியில் தண்ணீரின் பெரும்பகுதி அடியில் தங்கியிருக்கும், டிரெயின் பிளக்கைத் திறந்தால் அதுவே முதலில் வரும். ஓட்டிவிட்டால் கியர்கள் அதை ஆயிலோடு கடைந்துவிடும், பிறகு எளிதில் பிரியாது. ஒருமுறை ஆயில் மாற்றினால் மட்டும் போதாது, ஏனென்றால் அச்சுக் குழாய்களிலும் சிலிண்டரிலும் பழையது தங்குகிறது. புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, லிப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, மறுபடியும் வடித்து நிரப்புவதே சரியான முறை. டீசல் ஊற்றிக் கழுவுவதை நான் ஏற்பதில்லை; அது எல்லா மூலையிலிருந்தும் முழுதாக வடியாது, தங்கியது புது ஆயிலை நீர்க்கச் செய்யும். வடித்ததைக் கால்வாயில் கொட்டாமல், பழைய ஆயில் எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். அதே புயலில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் மீனவர்களை என்ன பாடு படுத்தியது என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

வகை தவறிய ஆயிலைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே சிரமம், ஏனென்றால் அது பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். 90 கிரேடு கியர் ஆயில் ஊற்றினால் அதன் கெட்டித்தன்மையால் பம்பு உறிஞ்சத் திணறும். 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் லிப்டுக்கு ஒத்துவந்தாலும், கியர்களுக்கும் மூழ்கிய பிரேக்குக்கும் போதாது. பிரேக் அலறும், உதறும். இரண்டுக்கும் பொருந்தும்படி உராய்வைக் கட்டுப்படுத்தும் சேர்மானங்களுடன் தயாராவதே யு.டி.டி.ஓ. (டிராக்டருக்கான பொது டிரான்ஸ்மிஷன் ஆயில்) வகை ஆயில். மணலிச் சுத்திகரிப்பு ஆலையில் லூப் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் உற்பத்தியாகிறது என்பதற்காக, இந்த வட்டாரத்தில் கேனில் கிடைக்கும் லூஸ் ஆயில் எல்லாம் தரமானது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்படை எண்ணெய் வேறு, சேர்மானம் கலந்த ஆயில் வேறு. வண்டியின் கையேட்டில் உள்ள தரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

அளவு, தூய்மை, வகை ஆகிய மூன்றிலும் ஆயில் தேறிவிட்டால்தான் மற்ற பாகங்களுக்குப் போக வேண்டும். தூக்கிய சுமை எஞ்சினை அணைத்ததும் மெல்ல இறங்கினால், இருக்கைக்குக் கீழே உள்ள இறங்கு வேகக் குமிழைத் தூக்கிய நிலையிலேயே முழுதாக மூடிப் பாருங்கள். அந்தக் குமிழ் சிலிண்டரின் வாயை அடைக்கும் வகையாக இருந்தால், மூடிய பிறகும் சுமை இறங்குவது சிலிண்டர் சீலின் கோளாறு, நின்றுவிடுவது கண்ட்ரோல் வால்வின் கசிவு. சோதிக்கும்போது கருவிக்குக் கீழே யாரும் கை, கால் நீட்டக் கூடாது. அழுத்தம் உள்ள குழாயில் ஊசித்துளைக் கசிவு இருந்தால் அட்டையைக் காட்டித்தான் தேட வேண்டும். அந்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போனால், காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

கடைசியாக பிரஷர் கேஜ் மாட்டி, அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வையும் சோதித்த பிறகு, அழுத்தம் கையேட்டு அளவுக்கு ஏறவில்லை என்றால் பம்பைக் கழற்றலாம். அப்போதும் ஸ்ட்ரெய்னரையும் ஆயிலையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறேன். பழைய பம்பு உதிர்த்த இரும்புத் தூள் தொட்டியிலேயே கிடந்தால், புதுப் பம்பும் அதே வழியில் தேயத் தொடங்கிவிடும்.