சத்தமில்லாத மதிய இடைவேளை

எங்கள் தொடக்கப் பள்ளிக்கு 2024-ல் ஸ்மார்ட் போர்டு வந்தது. அந்த ஐப்பசியில் விடாத மழை, மைதானம் முழுக்கச் சேறு. மதியம் நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்க முடியாமல் ஒரு நாள் கார்ட்டூன் போட்டுவிட்டேன். அறை அப்படியே அடங்கிவிட்டது. நானும் நிம்மதியாக நோட்டுத் திருத்தினேன். மழை விட்ட பிறகும் கார்ட்டூன் தொடர்ந்தது.

தை பிறந்து ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சத்துணவு முட்டை என்றால் அவளுக்கு உயிர். வெள்ளையைப் பிய்த்துத் தின்றுவிட்டு மஞ்சள் கருவைக் கடைசி வாய்க்கு வைத்திருப்பாள். அன்று கண் திரையில் இருந்தது, கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. முட்டை உருண்டு தரையில் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவனுக்கும் தெரியவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஓடி விளையாடிய பிள்ளை வேர்த்து வந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தால் கணக்குப் பாடத்துக்குத் தயார். திரை முன்னாலிருந்து எழுந்து வருகிறவர்கள் சோர்ந்துபோய் உட்கார்ந்தார்கள். சண்டைகள் குறைந்ததை நல்லது என்று நினைத்திருந்தேன். "நீ அவுட்டு", "கோட்டைத் தொடவே இல்ல" என்று மல்லுக்கு நின்று தாங்களே ஒரு முடிவுக்கு வருவது அந்த வயதில் பழக வேண்டிய பெரிய பாடம். அதற்கு இடமில்லாமல் செய்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது.

கண்ணும் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வராமல் காக்க உதவும். தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கச் சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்குப் போனால் அம்மாவின் போன்தான். வெளிச்சத்தில் ஓட அவர்களுக்குக் கிடைப்பதே இந்த மதியம்.

ஹெச்.எம்.மிடம் பேசி, போர்டைப் பாட நேரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் கஷ்டம்தான். "டீச்சர், இன்னைக்குப் படம் இல்லையா?" என்று வாசலில் வந்து நின்றார்கள். மழை நாளுக்கென்று ஒரு பெட்டியில் புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல் எல்லாம் சேர்த்தேன். ஏழாங்கல் சொல்லிக் கொடுத்தது எங்கள் சத்துணவு அக்கா. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து, ஒரு கல்லை மேலே வீசி, அது இறங்குவதற்குள் கீழே கிடந்த மூன்றையும் ஒரே அள்ளாக அள்ளினார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

அடுத்த ஐப்பசியிலும் மழை. அறைக்குள் ஒரே இரைச்சல். நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் திருத்துகிறேன். அந்தப் பெண் இப்போது நாலாம் வகுப்பு. மஞ்சள் கருவை வாயில் அடக்கிக்கொண்டே கல் பெட்டியைத் தேடி ஓடுகிறாள்.